புதுச்சேரியில் ‘ஹெரிடேஜ்’ விடுதிக்கு மூன்று மடங்கு வாடகை கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து குடும்பத்தோடு மூன்று நாள் புதுச்சேரி வருகிறீர்கள். கூட அறுபத்தெட்டு வயது அம்மா வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. ‘ஹெரிடேஜ்’ என்று பலகை மாட்டிய விடுதிகளில் ஓர் இரவுக்கு, பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் நல்ல லாட்ஜைவிட மூன்று மடங்கு கேட்கிறார்கள். பகலெல்லாம் வெளியேதான் சுற்றப் போகிறோம், ராத்திரி தூங்குவதற்கு எதற்கு இவ்வளவு என்பது உங்கள் கேள்வி. பார்த்தால் காசுக் கணக்கு மாதிரி இருந்தாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பழமை நிஜம்தானா, இல்லை மஞ்சள் பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறார்களா என்பது ஒன்று. தங்குகிற இடமே பயணத்தில் பார்க்க வேண்டிய ஒன்றாக ஆகுமா, இல்லை வெறும் படுக்கைதானா என்பது இன்னொன்று.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். சிவில் படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாகப் புதுச்சேரியில் பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறேன். விடுதியாக மாறிய வீடுகள் சிலவற்றில் வேலை பார்த்திருக்கிறேன். விடுதியாக்கலாமா என்று பார்க்கக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீடுகள் அதைவிட அதிகம். ஆகவே சுவர், கூரை, படிக்கட்டு பற்றி நான் சொல்வதை நம்பலாம். சாப்பாடு, உபசரிப்பு பற்றியெல்லாம் என் பேச்சை எடைபோட வேண்டாம். அதைத் தங்கிவிட்டு வந்தவர்கள் சொல்லட்டும்.

நேரான பதில் இதுதான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஆரோவில், பாரடைஸ் பீச் என்று சுற்றிவிட்டு ராத்திரி பத்துக்குத்தான் திரும்புவீர்கள் என்றால் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். விளக்கை அணைத்தபின் எல்லா அறையும் ஒரே அறைதான். ஆனால் ஒரு மதியம் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க உங்களுக்கு மனம் வரும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பழைய வீடு தன்னைக் காட்டுவது பகலில்தான், அதுவும் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரைக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே வெயிலில் போட்டோ எடுத்துக்கொண்டு இருப்பார்கள். கொடுத்த காசு அங்கேதான் வீணாகிறது.

இனி பழமை. கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதியில் ஒரு விடுதி ‘முந்நூறு வருடக் கட்டடம்’ என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது, அதற்குப் பதிலடி போல இங்கிருந்த கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை ஆகி, 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்த பிறகுதான் லா த லொரிஸ்தோன் ஆளுநராக இருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். பல இடங்களில் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே புதுச்சுவர் எழும்பியது. ஆக, அங்கே நீங்கள் தங்கக்கூடிய கட்டடம் மிஞ்சிப்போனால் இருநூற்றைம்பது, இருநூற்று அறுபது வருடம். பெரும்பாலானவை அதற்கும் இளையவை. வீதிகள் மட்டும் மூத்தவை. 1690களில் சில வருடம் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த கட்டம் கட்டமான திட்டத்தின் மேல்தான் இன்றும் நடக்கிறோம்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், கதை வேறு. அங்கே அந்த அழிவைத் தாண்டி நின்ற வீடும் உண்டு. 1730களில் எழும்பிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. தினமும் நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர் 1761-ல் ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் இறந்துபோனார். அது விடுதி இல்லை என்றாலும், அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு மற்ற வீடுகளைப் படிக்கத் தெரிந்துவிடும். கீழ்த்தளம் மரத்தூணும் முற்றமுமாக நம் வீடு. மாடி வெள்ளைத் தூண்களோடு ஐரோப்பியப் பாணி. தமிழர் பகுதியின் நல்ல வீடுகளில் பாதிக்கு இந்தச் சேர்க்கைதான் அடையாளம்.

இங்கே பலர் தவறவிடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘பழைய விடுதி’ என்பதும் ‘பழைய கட்டடத்தில் இருக்கும் விடுதி’ என்பதும் ஒன்றல்ல. ஜப்பானில் கெய்உன்கான் என்ற வெந்நீரூற்று விடுதி 705-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது, உலகிலேயே மூத்த விடுதி என்று கின்னஸில் இருக்கிறது. அங்கே மூத்தது தொழில், கட்டடம் பலமுறை புதிதானது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-லிருந்தே விடுதியாக நடக்கிறது. புதுச்சேரியில் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வீடு பழையது, விடுதி நேற்று வந்தது. ரொமேன் ரோலான் வீதியின் ஓத்தேல் த லோரியான் ஒரு காலத்தில் கல்வித்துறை அலுவலகம். பெருமாள் கோவில் வீதியின் மேசோன் பெருமாள் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்த வீடு. இந்த இரண்டையும் உதாரணத்துக்குச் சொன்னேன், சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது இதுதான்: இந்த ஊரில் நீங்கள் தேட வேண்டியது பெயர்பெற்ற ஹோட்டலை அல்ல, ஒரு வீட்டை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில், 1950-க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, வீடு போன்றவற்றில் நடக்கும் விடுதிதான் ஹெரிடேஜ் ஹோட்டல். ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது இல்லாத நிஜமான பழைய வீடுகளும் உண்டு. அது இல்லாமலே அந்த வார்த்தையைப் பெயரில் சேர்த்துக்கொண்ட புதுக் கட்டடங்களும் உண்டு. மஞ்சள் சுவரும் வெள்ளைக் கோடும் எதையும் நிரூபிக்காது, போன வருடம் கட்டியதற்கும் அதே நிறம்தான் அடிக்கிறார்கள். சொல்லப்படும் வயதையும் கொஞ்சம் தளர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று இல்லை. குடும்பத்தில் பத்திரம் இருக்கும், ஆனால் பத்திரம் பெரும்பாலும் மனை கைமாறிய தேதியைத்தான் சொல்லும். அதன் மேல் நிற்கும் சுவர் எப்போது எழுந்தது என்று அதில் இருக்காது. நூற்றைம்பது வருடம் என்று வீட்டுக்காரர் மனசார நம்பிய ஒரு வீட்டில், பின்கட்டுச் சுவரை உடைத்தபோது அது மிகவும் பிந்தியது என்று செங்கல்லைப் பார்த்ததுமே தெரிந்தது. முன்கட்டு நிஜமாகவே பழையது. ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று வயது இருப்பது சாதாரணம்.

நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அறைக்குள் போனதும் தலையைத் தூக்கிப் பாருங்கள். தேக்கு விட்டம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள், கட்டைகளுக்கு மேலே விரல் கனமுள்ள சின்னச் செங்கற்கள் குத்துவாட்டில் சாய்கோடாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் ஒட்டு என்ற பழைய முறைக் கூரை. செங்கல்லுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, அதற்கும் மேல் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சுண்ணாம்பில் சேர்ப்பது இந்தப் பக்கத்துக் கொத்தனார்களின் கைமுறை. இன்று அந்தச் செங்கல்லை ஒருவர் ஏந்திக் கொடுக்க, இன்னொருவர் ஒட்டவைத்துக்கொண்டே போவதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. கீழே முட்டுக்கூட இல்லாமல் சாந்து பிடித்து நிற்கும். அடுத்ததாக ஜன்னல் விளிம்பில் கையை வையுங்கள். சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி கனம் இருந்தால், உங்கள் முழங்கை வரை உள்ளே போகும்.

பழசு மாதிரி செய்தது எப்படி இருக்கும் என்றால், கான்கிரீட் தளத்துக்குக் கீழே எந்தப் பாரத்தையும் தாங்காத மரக்கட்டை ஒட்டியிருக்கும். தூண் அசலாகவே இருக்கும், ஆனால் காரைக்குடியில் இடித்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து வாங்கி வந்திருப்பார்கள். சில வருடம் முன்பு ஒரு விடுதியில் தங்கினேன், பெயர் வேண்டாம். நுழைந்ததும் அருமையான மரத்தூண்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது விளக்கு வெளிச்சத்தில் கவனித்தேன், தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அது எதையும் தாங்கவில்லை. காலையில் கேட்டதற்கு, இருநூறு வருடமாக அதே இடத்தில் நிற்கிறது என்றார்கள். எனக்கு வந்தது கோபம் இல்லை, வருத்தம். எங்கோ ஒரு கூடத்தைத் தாங்கி நின்ற தூண் அது.

மாற்றி வைத்த பாகம் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. கடற்கரைச் சாலையில் நாங்கள் மேரி கட்டடம் என்று சொல்லும் நகராட்சி மாளிகை, பிரெஞ்சில் ஓத்தேல் த வில், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. (அந்தப் பெயரில் ஓத்தேல் என்று இருந்தாலும் அது தங்கும் இடம் இல்லை, பிரெஞ்சில் பெரிய மாளிகைக்கும் அதே சொல்தான்.) இப்போது அங்கே நிற்பது அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தது. அதைப் பழைய கட்டடம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கரையான் தின்ற நாலு கட்டையை மாற்றி, உப்புக்காற்றில் பொரிந்த பூச்சைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பே பூசிய வீடு பழைய வீடுதான். 2011 டிசம்பர் 30 அன்று கரை ஏறிய தானே புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் கூரையைத் தொடாமல் தப்பித்த பழைய வீடு குறைவு.

கெடுப்பது சிமென்ட். விடுதி ஒன்றுக்கு நான் வேலை பார்த்தபோது, திறப்பு விழா தேதி குறித்துவிட்டோம், சுண்ணாம்பு காயக் காத்திருக்க முடியாது என்று சுவர் முழுக்க சிமென்ட் பூசச் சொன்னார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். இரண்டாவது மழைக்காலத்திலேயே சுவர் உப்புப் பூத்து, இடுப்பளவுக்குப் பூச்சு உதிர ஆரம்பித்தது. நீங்கள் பார்க்கும் அறையில் அடிச்சுவர் அப்படி இருந்தால், அல்லது அதை மறைக்கப் பலகை அடித்திருந்தால், ஈரவாடை வரும். அம்மாவுக்கு இளைப்பு இருந்தால் அந்த அறை வேண்டாம்.

சரி, மதியம் இருங்கள் என்று சொன்னேனே, அது ஏன்? பிரெஞ்சு வீடு வீதிக்கு முகம் காட்டாது. உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்த வளைவுத் தாழ்வாரம். ஜன்னல்களில் சாய்த்து அடுக்கிய பலகைக் கதவுகள். கோடையில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று திரும்பும். அப்போது கிழக்குப் பக்கத்துப் பலகைக் கதவைச் சாத்தியபடியே வைத்து, உள்ளே இருக்கும் கண்ணாடிக் கதவை மட்டும் திறந்துவிடுங்கள். வெயில் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். உயரமான கூரைக்குச் சூடு மேலே போய்விடும். அறை மங்கலாக, தரை சில்லென்று இருக்கும். நிறையப் பேர் நுழைந்ததும் ஏசியைப் போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த அறைக்கும் லாட்ஜ் அறைக்கும் என்ன வித்தியாசம்? ராத்திரி ஏசி போடுங்கள், அதில் தப்பே இல்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கனத்த சுவர் அதை ராத்திரியில்தான் மெல்ல வெளியே விடும். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது.

எனக்குப் பிடித்தது தமிழ் வீடு, அதை மறைக்கவில்லை. திண்ணை, ரேழி (வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள நடை), முற்றம், கூடம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும்போதே வெளிச்சமும் சத்தமும் படிப்படியாகக் குறையும். முற்றத்தில் விழுந்த வெயில் கட்டம் தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி, மூன்று மணிக்கு மேல் ஓட்டுக்குப் போய்விடும். முற்றத்துச் சூடு மேலே எழும்ப, ரேழி வழியாக வீதிக் காற்று உள்ளே இழுக்கப்படும். ரேழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் உடம்பிலேயே தெரியும். எங்கள் பழைய தென்னாற்காட்டுச் சீமையில் தங்குமிடம் என்றதும் நினைவுக்கு வருவது திருக்கோவலூர் இடைகழி. மழை இரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் மூன்று பேரும் நெருக்கி நின்ற இடம். அந்த இடைகழிதான் இந்த ரேழி. வீதியில் போகிறவர் உட்கார்ந்து இளைப்பாறத்தான் வாசலில் திண்ணை. புதுச்சேரியில் திண்ணைக்கு மேலே வீதிப் பக்கமாக மரத்தூண் நிறுத்தித் தாழ்வாரமும் இறக்கியிருப்பார்கள். அப்படி வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்து போவதை வைசியாள் வீதியில் பாருங்கள். இருபது வீட்டு முகப்புகளை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு சீர்செய்து, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் வாங்கிய வீதி அது. புதுச்சேரி என்றாலே பிரெஞ்சு வீதி என்று நினைத்து வருகிறவர்கள் வாய்க்காலைத் தாண்டாமலே போய்விடுகிறார்கள். உங்கள் அம்மா திண்ணை வீட்டில் வளர்ந்தவர் என்றால், அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

அம்மாவின் முழங்காலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இந்த வீடுகளில் படிக்கட்டு செங்குத்து, பல இடங்களில் மரப்படி. நிலைப்படிகள் உயரம். திண்ணைக்கு ஏறவே மூன்று நான்கு படி இருக்கும், பிடிமானம் இருக்காது. லிஃப்ட் பெரும்பாலும் இல்லை, இருந்தால் பின்னால் சேர்த்த புதுக் கட்டடத்தில் இருக்கும். அதனால் இணையத்தில் பதிவு செய்யாமல் போனில் பேசுங்கள். வீதியிலிருந்து அறைக்கு மொத்தம் எத்தனை படி, குளியலறைக்குப் படி உண்டா, கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா, அந்த அறை பழைய கட்டடத்தில் இருக்கிறதா புதிய பகுதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே வாடகையில் பாதி அறை பழைய முன்கட்டிலும் பாதி அறை பின்னால் எழுப்பிய கான்கிரீட் பகுதியிலும் இருக்கும். கேட்காதவருக்குப் பின்கட்டு கிடைக்கும். மர மச்சுக்குக் கீழே உள்ள அறையில் மேலே நடப்பவரின் காலடி கேட்கும். முற்றத்தில் சாப்பாட்டுக் கூடம் வைத்திருந்தால் ராத்திரி பத்து மணி வரை பேச்சுச் சத்தம் வரும். தூக்கம் லேசானவர் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் விஷயத்தில் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சென்னையும் பெங்களூரும் அன்றைக்கு இங்கேதான் இருக்கும், வாடகையும் ஏறும். ஞாயிறு மதியம் வந்து புதன் கிளம்புவது மாதிரி வைத்துக்கொண்டால் நடுவில் முழு மதியம் கையில் கிடைக்கும். ஓர் இரவு மட்டும் தங்கினால், பிற்பகல் உள்ளே வந்து மறுநாள் பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்வதில், நான் சொன்ன நேரம்தான் பறிபோகும். மூன்று இரவும் கட்டுப்படியாகாது என்றால் இரண்டு இரவு அங்கே, ஓர் இரவு லாட்ஜில். தை, மாசி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் முற்றத்தில் மழை கொட்டுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், ஆனால் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் நாள் நேரம் இருந்தால் கடலூர் வரைக்கும் ஒரு நடை வாருங்கள், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தேவனாம்பட்டினத்தில், லாலி இடித்த கோட்டையின் மிச்சம் ஆற்றோரம் கிடக்கிறது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் போன பிறகு, 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் அதுதான். பார்த்துவிட்டு அன்றைக்கே புதுச்சேரிக்குத் திரும்பிவிடுங்கள். கடலூர் முதுநகரில் என் தாத்தாவுக்கு ஒரு முற்றத்து வீடு இருந்தது, ரேழியில் ஊஞ்சல் போட்டிருப்பார். பங்காளிகள் சேர்ந்து விற்றார்கள், வாங்கியவர் இடித்துக் கடை கட்டினார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், சுண்ணாம்பு பற்றி எதுவும் தெரியாது. அது இருந்திருந்தால் உங்கள் அம்மாவைப் படி ஏறவிடாமல் பின்வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்து, அந்த ஊஞ்சலில் உட்கார வைத்திருப்பேன்.